லிட்டருக்கு எவ்வளவு தருது?

மேடவாக்கத்தில் ஒருவரை நிறுத்திச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் முறைப்பார். வீட்டு லோன் இன்னும் எத்தனை வருஷம் என்று கேட்டால் அன்றோடு பேச்சு நின்றுவிடும். "வண்டி லிட்டருக்கு எவ்வளவு தருது?" என்று கேட்டுப் பாருங்கள். கையிலிருக்கும் காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொல்வார்.

எங்கள் அடுக்ககத்தில் 18 கார்கள். அதில் 17 கார்கள் லிட்டருக்கு 20-க்குக் குறையாமல் தருகின்றன. அத்தனையும் தினமும் மேடவாக்கம் கூட்ரோட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். மெட்ரோ வேலைக்குத் தகரம் அடைத்த நாளிலிருந்து அங்கே இரண்டாவது கியருக்கு மேல் போட்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை. அப்படியும் 20. பதினெட்டாவது கார் என்னுடையது, ஒரு பழைய வேகன்ஆர். அது 18 தருகிறது என்று சொல்லி வந்தேன். குறைத்துச் சொன்னதால் என்னை யோக்கியன் என்று நம்பினார்கள். கொஞ்சம் பரிதாபமும் பட்டார்கள்.

நான் சும்மா சொல்லவில்லை. என்னிடம் நோட்டு இருக்கிறது. பங்க்கில் டேங்க்கை நிரப்புவேன். ஆட்டோ கட் ஆனதும் நிறுத்தச் சொல்வேன். மீட்டரையும் லிட்டரையும் எழுதிக்கொள்வேன். அடுத்த முறை நிரப்பும்போது கழித்து, வகுத்து, ஒரு தசமம் வரை போடுவேன். பின்னால் நிற்கும் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தாலும் தசமம் போடாமல் நகர்ந்ததில்லை. "இந்த நோட்டில பால் கணக்கு எழுதியிருந்தா பாலாவது மிஞ்சியிருக்கும்" என்பது என் மனைவியின் கருத்து. மைலைக் கைவிட்டுக் கிலோமீட்டருக்கு மாறி 60 வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஊரில் மைல்கல்லும் போய்விட்டது. மைலேஜ் மட்டும் போகவில்லை.

கதை ஒரு பஞ்சரில் தொடங்கியது. சித்தாலப்பாக்கம் போகும் வழியில் ஒரு வேப்பமரம், மரத்தடியில் ஒரு கம்ப்ரசர், பக்கத்தில் ஒரு சேட்டன். ஆணியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அவர் டயரைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"சாரே, இதில பட்டன் எங்கே?"

நம் ஊரில் டயரின் மேல்வரிக்குப் பட்டன் என்று பெயர். சேட்டன் கட்டைவிரல் நகத்தைக் காடியில் வைத்துக் காட்டினார். நகம் உள்ளே போகவே இல்லை. காடிக்குள் ஆங்காங்கே சின்னதாக ஒரு மேடு இருக்கும். அது டயர் செய்யும்போதே வைத்த எல்லைக்கல். சுற்றிலும் ரப்பர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் காரில் பாக்கி 1.6 மில்லிமீட்டர்தான் என்று அர்த்தம். மோட்டார் வாகன விதியும் அதற்குக் கீழே போகக் கூடாது என்கிறது. என் டயரில் மேடு எது, பள்ளம் எது என்றே தெரியவில்லை.

"இன்னும் ஓட்டினா போலீஸ் பிடிக்காது சாரே, தண்ணி பிடிக்கும்" என்றார் சேட்டன். காடி இருக்கிற வரைக்கும் டயர் மழைத் தண்ணீரை வாரி வெளியே தள்ளும். காடி போய்விட்டால் கார் தண்ணீர் மேல் ஏறி மிதக்கும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிக் குடியிருப்பவனிடம் இதை இரண்டு தடவை சொல்ல வேண்டியதில்லை. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தபோது வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அந்த ஒரு நாள் மட்டும்தான் இந்தப் பக்கத்துக் கார்கள் எல்லாம் ஒரே மைலேஜ் கொடுத்தன.

டயர் வாங்கப் போகிறேன் என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டது என் தவறு. ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து மச்சான் அன்று மாலையே வந்துவிட்டான். ஓ.எம்.ஆரில் மென்பொருள் வேலை. வன்பொருளில் அபிப்பிராயம் அதிகம்.

"மாமா, ஒரு சைஸ் ஏத்திடுங்க. கெத்தா நிக்கும். கிரிப்பும் கிடைக்கும்."

என் காருக்குக் கம்பெனி கொடுத்த அளவு 145/80 ஆர்13. இதைப் படிக்கத் தெரிந்துகொள்ளவே எனக்கு 50 வயதானது. 145 என்பது அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் 80 சதவீதம். 13 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம் மூன்றும் வருகின்றன. கிரவுண்டு, சென்ட், சதுர அடி என்று ஒரே பத்திரத்தில் மூன்று கணக்கு பார்த்து மேடவாக்கத்தில் மனை வாங்கியவனுக்கு இது பெரிய விஷயமில்லை.

மூன்றாவது மாடிப் பெரியவர் வேறு கட்சி. சங்ககிரியில் லாரி ஆபீஸில் 30 வருஷம் கணக்கு எழுதியவர். "தம்பி, டயர் விலையைப் பார்க்காதீங்க. கிலோமீட்டருக்கு எத்தனை பைசான்னு பாருங்க" என்றார். லாரிக்காரர்கள் டயரைப் பிள்ளை மாதிரி வளர்ப்பார்களாம். ஸ்பேனரால் தட்டி, சத்தத்தை வைத்தே காற்று இறங்கியதா என்று சொல்லிவிடுவார்களாம். பட்டன் தேய்ந்தால் தூக்கிப் போட மாட்டார்கள். உடம்பு நன்றாக இருந்தால் மேலே புதுப் பட்டன் ஒட்டி மறுபடி ஓட்டுவார்கள்.

நம் சென்னையின் பெரிய டயர் கம்பெனி பிறந்ததே அந்த வழியில்தான். 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் கே. எம். மம்மன் மாப்பிள்ளை குழந்தைகள் ஊதும் பலூன் செய்ய ஆரம்பித்தார். 1952-ல் பழைய டயருக்கு ஒட்டும் ரப்பருக்கு வந்தார். முழு டயருக்கு வந்தது அதற்கும் பிறகு, 1960-களில். மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி என்ற பெயரைச் சுருக்கினால் எம்.ஆர்.எஃப். பலூனில் தொடங்கிய அந்தக் கம்பெனியின் ஒரே ஒரு பங்கு 2023 ஜூனில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அன்றைக்கு ஒரு பங்கை விற்றிருந்தால் ஆறு வேகன்ஆருக்கு நாலு நாலு டயர் மாட்டியிருக்கலாம். என்னிடம் வேகன்ஆர் மட்டும்தான் இருக்கிறது. போதாக்குறைக்கு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், தேர்வாய் கண்டிகை என்று சென்னையைச் சுற்றி டயர் ஆலைகள். டயருக்கு நடுவில் குடியிருந்துகொண்டு டயர் தெரியாமல் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன்.

வேளச்சேரி – தாம்பரம் சாலையில் ஒரு டயர் கடை. பையன் மூன்று டயர்களை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான்.

"இது லைஃபு சார். இது கிரிப்பு. இது மைலேஜு."

"மூணும் சேர்ந்தது?"

"இருக்கு சார். ஸ்டாக் இல்லை."

அவன் அறியாமலே ரப்பர் விஞ்ஞானத்தை இரண்டே சொல்லில் சொல்லிவிட்டான். டயர் தரையில் படும் இடத்தில் அமுங்கும், தரையை விட்டதும் நிமிரும். அமுக்கக் கொடுத்த சக்தியை நிமிரும்போது ரப்பர் முழுசாகத் திருப்பித் தருவதில்லை. ஒரு பங்கைச் சூடாக்கி விழுங்கிவிடும். தாம்பரத்திலிருந்து வீடு வந்து சேர்ந்ததும் டயரைத் தொட்டுப் பாருங்கள். கையில் சுடுவது உங்கள் பெட்ரோல் காசு. விழுங்காத ரப்பராகப் போட்டால் மைலேஜ் வரும். ஆனால் ஈரத் தார்ச்சாலையைக் கவ்விப் பிடிப்பதற்கும் அதே விழுங்குகிற குணம்தான் வேண்டும். மெத்தென்ற ரப்பர் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். கெட்டி ரப்பர் தேயாது, மழையில் வழுக்கும். மேலே பட்டனை ஆழமாக வைத்தால் ரொம்ப நாள் வரும். அந்த ஆழமே கூடுதலாக நெளிந்து பெட்ரோலைத் தின்னும். ஒன்றைத் தூக்கினால் இன்னொன்று சரியும். 1990-களின் தொடக்கத்தில் மிஷ்லின் கம்பெனி கரிக்குப் பதிலாகச் சிலிக்காவைக் கலந்து இந்தச் சிக்கலைக் கொஞ்சம் தளர்த்தியது. சிலிக்கா என்றால் மணலின் சொந்தக்காரன். டயர் கருப்பாக இருப்பது கரியால்தான் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

ஃபிரிட்ஜுக்கும் ஏசிக்கும் நட்சத்திரம் ஒட்டும் மத்திய அரசு அமைப்பு டயருக்கும் அப்படி ஒரு திட்டம் வைத்திருக்கிறது. படித்த தைரியத்தில் பையனிடம், "இதுக்கு எத்தனை ஸ்டார்?" என்று கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"சார், ஏசி ஷோரூம் நாலு கடை தள்ளி."

மச்சான் பக்கத்திலேயே நின்றதால் 155/80 ஆர்13 வாங்கினேன். நாலு டயர், அலைன்மென்ட், பேலன்சிங் எல்லாம் சேர்த்து ₹15,000-ஐத் தாண்டியது. நைட்ரஜன் காற்றுக்குத் தனிக் காசு. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மிச்சம் 22 சதவீதத்துக்காகக் காசு கொடுத்தேன் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். கார் கம்பெனி அளவைவிட எட்டு மில்லிமீட்டர் உயரமாக நின்றது. வீட்டு வாசலில் நிறுத்தி, மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "கழுவினீங்களா?" என்றாள்.

முதல் டேங்க் முடிந்தது. நோட்டைத் திறந்து கழித்து வகுத்தேன். 15.8. கணக்கில் தப்பு என்று நினைத்து இரண்டாவது டேங்க்குக்குக் காத்திருந்தேன். 15.7. மூன்றாவதும் அதே. மச்சானுக்குப் போன் செய்தேன். "செட் ஆகணும் மாமா" என்றான். டயர் என்ன பல்செட்டா, செட் ஆவதற்கு? நாலு மாதம் ஆனது. 15.8-ஐத் தாண்டவில்லை. அடுக்ககத்தில் யாராவது மைலேஜ் கேட்டால் போன் வந்த மாதிரி காதில் வைத்துக்கொண்டு நழுவினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். சாக்பீஸால் டயரில் ஒரு கோடு, தரையில் ஒரு கோடு. வாட்ச்மேன் காரைத் தள்ள, டயர் சரியாக ஒரு சுற்று வந்ததும் தரையில் இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவே அளந்தேன். தையல் டேப் 150 சென்டிமீட்டரோடு முடிந்துபோனது. தையல்காரர் அளக்கும் மனிதர்களில் யாருக்கும் அதற்கு மேல் சுற்றளவு இல்லை போலும். மீதியைக் கொடிக்கயிறு போட்டு அளந்தேன். புது டயர் 181 சொச்சம். டிக்கியிலிருந்து ஸ்டெப்னியை உருட்டி வெளியே எடுத்தேன். அது கம்பெனி கொடுத்த பழைய அளவு, தரையையே பார்க்காதது. அதைச் சுற்றிக் கயிறு கட்டினால் 176 சொச்சம். மொட்டை மாடியில் கறிவேப்பிலைக்குத் தொட்டியாகிவிட்ட மொட்டை டயரையும் விடவில்லை. அது 172 சொச்சம்.

இந்த இடத்தில் ஸ்டெப்னிக்கு ஒரு வார்த்தை. வேல்ஸ் நாட்டில் லானெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி என்று ஒரு தெரு. அங்கேதான் 1904 வாக்கில் டேவிஸ் சகோதரர்கள் மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்கள். அங்கே அந்தப் பெயர் எப்போதோ மறந்துபோனது. இங்கே கூடுவாஞ்சேரி மெக்கானிக் முதல் கன்னியாகுமரி மெக்கானிக் வரை அந்தத் தெருவின் பெயரைச் சொல்லித்தான் டிக்கியைத் திறக்கிறார்கள்.

அளந்துவிட்டு ஸ்டெப்னியை மறுபடி உள்ளே போட்டேன். கயிற்றைப் பார்த்துக்கொண்டு படியில் உட்கார்ந்தபோது விஷயம் மெல்ல உறைத்தது.

காரின் மீட்டருக்குச் சாலை தெரியாது. சக்கரம் எத்தனை சுற்று வந்தது என்பதை வைத்துத்தான் அது தூரம் போடுகிறது. ஒரு சுற்றுக்கு 176 சென்டிமீட்டர் என்று கம்பெனியில் சொல்லி அனுப்பியதை அது இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறது. டயர் தேய்ந்து 172 ஆன பிறகும் 176 என்றே எழுதியது. அரிசி அளக்கும் படி சின்னதானால் மூட்டையில் படிக்கணக்கு கூடும் அல்லவா? அதுதான். நான் ஊரெல்லாம் சொன்ன 18 உண்மையில் 17.6. புது டயரில் படி பெரிதாகிவிட்டது. 181 ஓடிவிட்டு 176 என்று எழுதியது. அந்த 15.8 உண்மையில் 16.2-க்கு மேல். நோட்டில் 2.2 விழுந்ததாகத் தெரிந்தது. நிஜத்தில் விழுந்தது ஏறக்குறைய 1.3. மிச்சம் மொத்தமும் என் நோட்டின் கற்பனை.

ஐந்து வருஷமாக டயர் தேயத் தேய என் மைலேஜ் கூடிக்கொண்டே வந்ததை நினைத்துப் பார்த்தேன். என் ஓட்டும் திறமை என்றல்லவா பூரித்துக்கொண்டிருந்தேன்! இதில் பாதிதான் மீட்டரின் பொய். தேய்ந்த டயரில் நெளிவதற்கு ரப்பர் குறைவு என்பதால் அது நிஜமாகவே லேசாக உருளும். அணையப்போகிற விளக்கு மாதிரி, குப்பைக்குப் போவதற்கு முந்தைய மாதம்தான் டயர் தன் வாழ்நாளில் அதிக மைலேஜ் தருகிறது. அந்த மாதம்தான் மழையில் அது உங்களைக் கொல்லவும் பார்க்கிறது. மைலேஜ் என்ற ஒரே மதிப்பெண்ணை வைத்து டயருக்குப் பரீட்சை நடத்தினால் மொட்டை டயர்தான் முதல் ரேங்க்.

சரி, நிஜமாகவே விழுந்த 1.3 எங்கே போனது? கயிறும் கையுமாகச் சேட்டனிடம் போனேன். அவர் கயிற்றைக் கண்டுகொள்ளவே இல்லை. கேஜை எடுத்து வால்வில் வைத்தார். 22. அடுத்தது 24. அடுத்தது 21.

"சாரே, காத்து எப்போ பார்த்தது?"

"புதுசு போட்டப்போ."

"அது நாலு மாசம். தினமும் குளிக்கிறீங்க இல்ல?"

டிரைவர் கதவைத் திறக்கச் சொன்னார். கதவு மூடும் தூணில் ஒரு ஸ்டிக்கர். எந்த டயருக்கு எத்தனை பவுண்டு என்று தெளிவாக அச்சடித்திருந்தது. வண்டி வாங்கி எட்டு வருஷத்தில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை அந்தக் கதவைத் திறந்து மூடியிருக்கிறேன். அங்கே ஸ்டிக்கர் இருப்பதே தெரியாது. அதிலிருந்த எண்ணுக்கும் என் டயரில் இருந்ததற்கும் பத்துப் பவுண்டு வித்தியாசம்.

சேட்டன் என் விரலைப் பிடித்துப் புது டயரின் குறுக்கே தடவ வைத்தார். நடுவில் காடி ஆழமாக இருந்தது. இரண்டு ஓரமும் மழமழ. காற்று குறைந்தால் டயர் நடுவில் குழிந்து ஓரத்தில் நிற்கும்; ஓரம் தேயும். அதிகமானால் தொப்பை போட்டு நடுவில் நிற்கும், நடு தேயும். முன் சக்கரம்தான் காரை இழுக்கிறது, திருப்புகிறது, பிரேக்கில் பாரம் வாங்குகிறது; ஆகவே முன்டயர் முதலில் போகும். அதனால்தான் 8,000, 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை முன்னதைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் மாற்றச் சொல்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். காற்று ஒரு பவுண்டு குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லும் கணக்கு. பத்துப் பவுண்டுக்கு 2 சதவீதம். விழுந்த 1.3-ல் இது ஒரு துண்டுதான்; மிச்சத்தைப் புதுப் பட்டனின் ஆழமும் தின்றிருக்கும். மாதம் 700 கிலோமீட்டர் ஓட்டும் எனக்குப் பெட்ரோலுக்கு ₹4,300 ஆகிறது. அதில் 2 சதவீதம் ₹86. மைலேஜ் டயர் என்று விற்கிறார்களே, அதுவும் இதே ரகம்தான். டயரின் உருளும் தடையை 10 சதவீதம் குறைத்தால் பெட்ரோலில் 1 முதல் 2 சதவீதம் மிஞ்சும் என்று அமெரிக்கப் போக்குவரத்து ஆராய்ச்சி வாரியம் 2006-ல் அறிக்கை கொடுத்திருக்கிறது. இதைச் சாப்பாட்டு மேஜையில் அறிவித்தேன்.

"86 ரூபாய்க்கு இப்போ ரெண்டு முழம் மல்லி வராது" என்றாள் மனைவி.

வராதுதான். ஆனால் ஓரம் தேய்ந்து, ஆறு வருஷம் வர வேண்டிய டயர் நாலே வருஷத்தில் போனால்? ₹15,000-ஐ ஆறால் வகுத்தால் வருஷத்துக்கு ₹2,500. நாலால் வகுத்தால் ₹3,750. வருஷத்துக்கு ₹1,250 வீண். பெட்ரோலில் போனது வருஷத்துக்கு ₹1,032. அதாவது நான் ராத்திரி பகலாகத் துரத்திய மைலேஜைவிட, கவனிக்காமல் விட்ட ரப்பர்தான் அதிகம் தின்றிருக்கிறது. கிலோமீட்டருக்கு எத்தனை பைசா என்று மூன்றாவது மாடிப் பெரியவர் கேட்டது இதைத்தான். அதோடு, என் மாதிரி கொஞ்சமாக ஓட்டுகிறவன் மைலேஜ் டயருக்குக் கூடுதலாகக் காசு கொடுத்தால் அதை மீட்பதற்குள் ஓய்வு வந்துவிடும். கால் டாக்ஸி ஓட்டுகிறவர் கொடுக்கலாம், அவருக்குக் கட்டும். பள்ளிக்கரணைப் பக்கம் குடியிருப்பவன் மழையில் பிடிக்கிற டயரை, கம்பெனி சொன்ன அளவிலேயே வாங்குவதுதான் சரி. இதை மச்சானிடம் சொன்னேன். அவன் புதிதாக வாங்கியிருக்கும் ஸ்கூட்டருக்கு ஒரு சைஸ் ஏற்றலாமா என்று கேட்டான்.

அன்றிலிருந்து ஞாயிறு காலையில், டயர் சூடாவதற்கு முன், காற்றுப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. சொந்தமாக ஒரு கேஜ் வாங்கிவிட்டேன். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. நோட்டில் மைலேஜுக்குப் பக்கத்தில் காற்றுக்கும் ஒரு பத்தி. அடுக்ககத்தில் கேட்கிறவர்களிடம், "மீட்டர்படியா, கயிறுபடியா?" என்று கேட்க ஆரம்பித்ததும் கேள்விகள் குறைந்துவிட்டன.

போன மாதம் பெரும்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம், ராத்திரி பத்து மணிக்கு, பின்டயரில் கம்பி ஏறியது. பதற்றமே இல்லை. ஜாக்கி போட்டேன், நட்டைக் கழற்றினேன், டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை இறக்கினேன். பழக்கதோஷத்தில் கேஜை வைத்தேன்.

ஒன்பது பவுண்டு.